முத்திரை கலையாத உப்பு

நண்டுவிளைக்காரர்களைப் பற்றிச் சுற்றுவட்டாரத்தில் சொல்லும் கதைகளில் பாதி பொய். மீதிப் பாதி, நடந்ததைவிடக் குறைத்துச் சொன்னது.

ஊர்க் கிணறு எவ்வளவு ஆழம் என்று பார்க்க ஒருமுறை நீச்சல் தெரியாதவனாகத் தேடிப் பிடித்து உள்ளே இறக்கினார்கள். நீச்சல் தெரிந்தவன் மிதந்துவிடுவான், ஆழம் தெரியாது என்பது அவர்கள் நியாயம். இறங்கியவன் கயிற்றைப் பிடித்து எப்படியோ மேலே வந்துவிட்டான். அதனால் அந்தக் கிணற்றின் ஆழம் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அப்பேர்ப்பட்ட ஊரிலும் பலவேசம் தனி ஆள். ஐம்பதைத் தாண்டியவர், யோசனைக்காரர். சொன்ன சொல்லைச் சொன்னபடி செய்பவர். அதனாலேயே எந்த வேலையிலும் நிலைக்காதவர். ஐஸ் ஆலையில், கட்டி கரையாமல் பார்த்துக்கொள் என்றார்கள். உள்ளே இருட்டாக இருந்ததால் வெயிலில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். டீக்கடையில், வடையில் ஈ மொய்க்கக் கூடாது என்றார்கள். மொய்ப்பதற்கு ஒரு வடைகூட இல்லாமல் தின்று தீர்த்தார்.

"சொன்னதைச் செய்யாதவன் எல்லாம் வேலையில இருக்கான். செஞ்சவனை வெரட்டுதாங்க. கோளாறு எங்கிட்டயா, சொல்லுதவங்ககிட்டயா?" என்று தனியாக உட்கார்ந்து தன்னையே கேட்டுக்கொள்வார். பதில் வராது. அதற்குப் பதிலாகப் பேராச்சி வருவாள்.

பேராச்சி அவர் சம்சாரம். டீக்கடை வேலை போன அன்று அவள் கத்தவில்லை, அழவில்லை. ஆட்டுக்குட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "இன்னும் ஒரு வேலை போச்சுன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். ஆட்டையும் கூட்டிட்டுப் போயிருவேன்."

பலவேசத்துக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவள் போனால் எந்த வேலையிலிருந்து எதற்கு விரட்டினார்கள் என்று கேட்க ஆள் இருக்காது. ஆடு போனால் கேட்காமல் இருக்கவும் ஆள் இருக்காது.

இந்த நேரத்தில்தான் கழிமுகத்து உப்பளத்தின் முதலாளி திரவியம் அண்ணாச்சி கங்காணி தேடி நண்டுவிளைக்கே வந்தார். பழைய கங்காணி விவரமானவன். உப்பை விவரமாகத் திருடி விற்றுவிட்டான். அதனால் இந்தத் தடவை விவரம் இல்லாத ஆளாகப் பார்த்து வைப்பது என்று அண்ணாச்சி முடிவு செய்திருந்தார். அந்தத் தகுதிக்கு நண்டுவிளையில் பெரிய போட்டி. பலவேசம் ஜெயித்தார்.

கழுத்துக்கு ஒரு விசில், கைக்கு ஒரு கறுப்புக் குடை. துணைக்கு மூன்று பேர். அக்கா மகன் மாசானம்: நாற்பது வயதாகியும் எதையும் வாயில் போட்டுப் பார்த்துத்தான் என்னவென்று முடிவு செய்வான். உச்சிமாகாளி: ஒருமுறை கோர்ட்டில் சாட்சி சொல்லப் போய்வந்தவர், அன்றிலிருந்து சட்டம் பேசுவார். சித்திரைவேல்: கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் கட்சி.

கோடை முழுக்கப் பாத்தியில் விளைந்த உப்பை வாரி, கரைமேட்டில் மலைபோல் குவித்து வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் அம்பாரம். அம்பாரத்தை அப்படியே விட்டுப் போக முடியாது. எழுத்து வெட்டிய மரக்கட்டையை ஈரச் செம்மண்ணில் தோய்த்து, உப்பின் மேல் முத்திரை குத்திவிட்டுத்தான் போவார்கள். எவனாவது சுரண்டி அள்ளிக்கொண்டு போனால் முத்திரை கலையும், திருட்டு தெரிந்துவிடும். நாலு பக்கமும் நெருக்கமாகக் குத்துவதுதான் வழக்கம். அந்த வருடம் அண்ணாச்சிக்குத் தோள்பட்டை வலி, ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. உச்சியில் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டார்.

"கிழக்குப் பாதி சாப்பாட்டுக்குப் போறது," என்றார். "கழுவி, அயோடின் சேத்து, சிரிக்கிற பொம்பளை படம் போட்ட பாக்கெட்டுல அடைச்சிருவாங்க. மேக்குப் பாதி தோல் ஆலைக்கு. மாட்டுத்தோல் அழுகாம இருக்கதுக்கு."

இரண்டும் ஒரே பாத்தி, ஒரே வெயில், ஒரே ஆள் வாரியது. எது சாப்பாடு, எது தோல் என்று உப்புக்குத் தெரியாது. அண்ணாச்சிக்கும் முத்திரை குத்திய பிறகுதான் தெரிந்தது.

பிறகு அவர் பலவேசத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்:

"நல்லாக் கேட்டுக்கிடும். இந்த முத்திரை கலையக் கூடாது. எவனாவது மம்பட்டியைப் போட்டான்னா முத்திரை காட்டிக் குடுத்திரும். முத்திரை எந்நேரமும் உம்ம கண்ணு முன்னால இருக்கணும். மானம் இருட்டிச்சுன்னா அந்தா கெடக்குல்லா கீத்து, அதைப் போட்டு மூடிரும். நான் லாரியோட வாரப்ப முத்திரை கலைஞ்சிருந்துச்சோ, குடையையும் விசிலையும் அங்ஙனயே வச்சிட்டு வீட்டைப் பாத்துப் போயிரும்."

"கலையாது அண்ணாச்சி," என்றார் பலவேசம். அப்போது அவர் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது முத்திரை இல்லை, ஆடு.

அண்ணாச்சி போனதும் காவலைப் பிரித்தார்கள். பலவேசமும் மாசானமும் கிழக்கு. உச்சிமாகாளியும் சித்திரைவேலும் மேற்கு.

"நான் எதுக்குவே தோலுக்குக் காவல்?" என்றார் உச்சிமாகாளி. "கோர்ட்டு ஏறுன மனுசன் நான்."

"கொடை எங்கிட்ட இருக்கு. கொடை இருக்கவன்தான் சாப்பாட்டுப் பக்கம்."

"அது நியாயந்தான்," என்றான் சித்திரைவேல்.

சாயங்காலத்துக்குள் மேற்குப் பக்கத்தார் கிழக்குப் பக்கம் வரவேண்டுமானால் காலைக் கழுவிவிட்டு வரவேண்டும் என்று ஒரு சட்டம் வந்துவிட்டது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லோரும் மதித்தார்கள். அதிகமாக மதித்தவர் உச்சிமாகாளி. தோல் ஆலை உப்பிலேயே ஓரமாகக் கிடந்த ஈர உப்பு இன்னும் கீழ் என்று அவர் அதைத் தாண்டித்தான் போவார்.

மறுநாள் மத்தியானம் ஒரு விபரீதம் நடந்தது. மாசானத்தின் கஞ்சியில் உப்பு போதவில்லை. கை நீட்டிய இடத்தில் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக் குடித்துவிட்டான். குடித்த பிறகு பார்த்தால், அவன் உட்கார்ந்திருந்தது மேற்குப் பக்கம்.

"எலே, அது தோலுக்குப் போற உப்புல்லா!" என்று பலவேசம் விசில் ஊதினார்.

மாசானம் நாக்கை வேட்டியில் துடைத்தான். "மாமா, என்ன செய்யும்?"

"தோலைப் பதப்படுத்தும்," என்றார் உச்சிமாகாளி. "செருப்பு தைக்கதுக்கு ஏத்த மாதிரி ஆக்கும்."

மூன்று பேரும் சேர்ந்து மாசானத்தின் முதுகைத் தடவிப் பார்த்தார்கள். தடிப்பாக, கறுப்பாக, வெடிப்பு வெடிப்பாக இருந்தது.

"ஆரம்பிச்சிட்டு," என்றான் சித்திரைவேல்.

"அது முன்னாடியே அப்படித்தான் இருக்கு," என்றான் மாசானம் அழாக்குறையாக.

பலவேசம் யோசித்தார். விஷத்துக்கு முறிவு உண்டு. தோல் உப்பு உள்ளே போயிருந்தால் சாப்பாட்டு உப்பை மேலே அனுப்பி அதை அடக்க வேண்டியதுதான். கிழக்குப் பக்கத்திலிருந்து, முத்திரையில் படாமல் ஓரமாக ஒரு கை அள்ளி, மாசானத்தின் வாயில் போட்டார். மாசானம் பானைத் தண்ணீரையும் குடித்து, பக்கத்து அளத்துக்காரன் தண்ணீரையும் குடித்துப் பிழைத்துக்கொண்டான். சாப்பாட்டு உப்பின் மகிமையைக் கண்ணால் கண்டோம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் வானம் இருட்டியது.

கடல் பக்கமிருந்து மேகம் எருமை மந்தை மாதிரி வந்தது. பக்கத்து அளங்களில் ஆட்கள் ஓடி ஓடி அம்பாரத்துக்கு ஓலைக் கீற்று வேய்ந்தார்கள். நண்டுவிளைக்காரர்கள் ஓடவில்லை. கூட்டம் போட்டார்கள்.

"கீத்தைப் போட்டா முத்திரை மறைஞ்சிரும்," என்றார் பலவேசம். "கண்ணு முன்னால இருக்கணும்னாரு."

"போடலைன்னா, மூடச் சொல்லி மூடலைன்னு ஆயிரும்," என்றான் மாசானம்.

"ரெண்டும் குத்தந்தான்," என்றான் சித்திரைவேல்.

உச்சிமாகாளி கையை உயர்த்தினார். "எதிரெதிரா ரெண்டு சாட்சி இருந்தா கோர்ட்டுல என்ன செய்வாங்க? எது அதிகமோ அதைத்தான் எடுப்பாங்க. அண்ணாச்சி சொன்னதை அப்படியே சொல்லும் பாப்போம், நான் விரலை மடக்குதேன்."

பலவேசத்துக்கு ஞாபகசக்தி அபாரம். அண்ணாச்சி சொன்னதை இருமல் உட்பட ஒப்பித்தார்.

"முத்திரை நாலு தடவை," என்றார் உச்சிமாகாளி. "கீத்து ஒரு தடவை."

"உப்பு?" என்றான் மாசானம்.

உச்சிமாகாளி விரல்களைப் பார்த்தார். மடக்காத விரலையும் பார்த்தார். "உப்புன்னு ஒரு தடவைகூடச் சொல்லலையே."

பலவேசத்துக்கு மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இத்தனை வருடமாக வேலை வேலையாக இழந்தோமே, எல்லாம் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்காத குறைதான் என்று தோன்றியது.

"அப்ப அது நம்ம சோலி இல்ல," என்றார்.

சோலி தெளிவானதும் எல்லோரும் சுறுசுறுப்பானார்கள். கீற்றும் அண்ணாச்சியின் பொருள்தானே, மழையில் கிடந்தால் மக்கிவிடுமே என்று அவ்வளவு கீற்றையும் சுமந்து கொட்டகைக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தினார்கள். ஒரே ஒரு கீற்றை மட்டும் உச்சிமாகாளி கட்சிக்குக் கொடுத்தார்கள். கிழக்கு முத்திரைக்குக் குடை. மேற்கு முத்திரைக்குக் கீற்று. நாலு பேரும் அம்பாரத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்தார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழைக்கு அவசரம் கிடையாது. வந்தால் தங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகும். நாலு பேரும் தெப்பமாக நனைந்தார்கள். முத்திரையில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. சுற்றிலும் உப்பு கரைய, முத்திரை இருந்த இடம் மட்டும் கம்பம் மாதிரி உயர்ந்து நின்றது. கம்பம் சாய்ந்துவிடக் கூடாதே என்று மாசானம் அதன் அடியில் செதுக்கி, முத்திரையைத் தோசை எடுப்பதுபோல் அலுங்காமல் எடுத்துத் தாழ்வாக வைப்பான். மறுபடி கம்பம் உயரும். மறுபடி இறக்கி வைப்பான். மேற்கிலும் அதே கதை.

பேராச்சி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சோற்றுச் சட்டியோடு வந்தாள். வந்தவள் வாயைப் பிளந்தபடி நின்றாள்.

"ஏ மனுசனே! கீத்தெல்லாம் எங்க?"

"கொட்டகையில பத்திரமா இருக்கு. நனையல."

"உப்பு கரையுது!"

"முத்திரை கரையல."

"ஒமக்குக் கண்ணு தெரியலையா? ஆறா ஓடுது பாரும்!"

"இந்தா பாரு பேராச்சி," என்றார் பலவேசம் பொறுமையாக. "இந்தத் தடவை நான் தப்பே செய்யல. கணக்குப் போட்டுப் பாத்தாச்சு. உச்சிமாகாளியண்ணன் சாட்சி."

"சாட்சி," என்றார் உச்சிமாகாளி, கீற்றுக்கு அடியிலிருந்து.

பேராச்சி சட்டியைக் கீழே வைத்தாள். "சரி. முதலாளி வரட்டும். அதுவரைக்கும் ஆட்டை அவுத்துக் கையில புடிச்சிட்டே நிக்கேன். வேலை போச்சுன்னு ஒரு சொல்லு வந்துச்சோ, அப்படியே நடையைக் கட்டிருவேன்." சொன்னபடி ஆட்டைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மழை விடுகிற சமயத்தில் மாசானம் மெல்லக் கேட்டான். "மாமா, அந்தப் பனை வளந்திருக்கோ?"

பலவேசம் பார்த்தார். மேலே ஏறி உட்கார்ந்தபோது கண்ணுக்கு நேராக இருந்த பனங்குருத்து இப்போது அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் இருந்தது.

"மழை பெய்ஞ்சா மரம் வளரத்தானலே செய்யும்."

"கொட்டகையும் வளந்திருக்கு மாமா."

பலவேசம் கொட்டகையையும் பார்த்தார். அதுவும் வளர்ந்துதான் இருந்தது. கொஞ்சம் யோசித்தார். "கொட்டகைக்கு மேல கெடக்கது என்னது? பனை ஓலை. சாதிக்குணம் போவுமாலே?"

"மதினியும் வளந்திருக்காங்க," என்றான் சித்திரைவேல்.

நாலு பேரும் பேராச்சியை அண்ணாந்து பார்த்தார்கள்.

வெயில் அடித்ததும் லாரிகள் வந்தன. முன்லாரியிலிருந்து திரவியம் அண்ணாச்சி குதித்தார். குதித்தவர் அப்படியே நின்றார். மலை இருந்த இடத்தில் வெறும் சேறு. சேற்றில் நாலு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தோசைக்கல் அளவுக்கு இரண்டு உப்பு வில்லை. ஒன்றுக்குக் குடை பிடித்திருந்தது, இன்னொன்றுக்குக் கீற்று.

பலவேசம் எழுந்தார். விசில் ஊதினார், தண்ணீர்தான் வந்தது. "முத்திரை கலையல அண்ணாச்சி," என்றார்.

உண்மைதான். ஒரு எழுத்துகூட அழியவில்லை.

"உப்பு எங்கவே?"

பலவேசம் சுற்றும்முற்றும் பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் வித்தியாசம் தெரிந்தது. "அதைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே அண்ணாச்சி."

"மரமெல்லாம் வளந்திட்டு அண்ணாச்சி," என்று மாசானம் பேச்சை மாற்றப் பார்த்தான்.

"மரம் வளரலலே, மடப்பயலே!" அண்ணாச்சி தொண்டை கிழியக் கத்தினார். "நீங்கதாம்லே எறங்கியிருக்கியோ!"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பலவேசம் இதை மனதில் நன்றாகக் குறித்துக்கொண்டார். ஒன்று உயருவதுபோல் தெரிந்தால் நாம் இறங்குகிறோம் என்று அர்த்தம். பெரிய மனுசர் பெரிய மனுசர்தான்.

"அண்ணாச்சி, களவு போயிருக்கு," என்றார் உச்சிமாகாளி. "முத்திரையைத் தொடாம அம்பாரத்தைத் தூக்கியிருக்கான். லேசுப்பட்ட களவாணி இல்ல. தடம் எடுப்போம்."

தடம் எடுப்பது சுலபமாக இருந்தது. அம்பாரம் இருந்த இடத்திலிருந்து மழைத்தண்ணீர் அரித்த ஓடை ஒன்று போனது. மாசானம் முன்னால் போய் அங்கங்கே நக்கிப் பார்த்தான். "உப்பு," என்றான். இன்னும் கொஞ்ச தூரம் போய், "உப்பு," என்றான். ஓடை கழியில் சேர்ந்தது. கழி கடலில் சேர்ந்தது. மாசானம் கடலில் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்தான். முகம் கோணியது. திரும்பிப் பார்த்துக் கத்தினான்:

"மாமா! மாட்டிக்கிட்டான்! அவ்வளவும் இங்ஙனதான் இருக்கு!"

"கையும் களவுமா!" என்றார் உச்சிமாகாளி.

பலவேசம் கண் கலங்கிவிட்டார். அண்ணாச்சியிடம் ஓடி, "ஒரு பொட்டுகூடக் கொறையாது அண்ணாச்சி. இன்னும் கூடத்தான் இருக்கும்போல," என்றார்.

அண்ணாச்சி லாரிப் படிக்கட்டில் உட்கார்ந்தார். டிரைவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் தோள் மட்டும் குலுங்கியது. அண்ணாச்சி அழவில்லை, சிரிக்கவில்லை. மடியில் இருந்த முத்திரைக் கட்டையை எடுத்துப் பலவேசத்தின் காலடியில் எறிந்தார்.

"போங்கவே. போய் அந்தக் கடலுக்கும் முத்திரை அடிச்சுக் காவல் காருங்க. என் கண்ணுல மட்டும் முழிச்சிராதீங்க."

லாரிகள் வெறுமனே திரும்பிப் போயின.

பேராச்சி ஆட்டோடு ஓடிவந்தாள். "வேலை போச்சா?"

பலவேசம் சேற்றிலிருந்து கட்டையை எடுத்து வேட்டியில் துடைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு களை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"போவல. பெருசாயிருக்கு. முன்னால ஒரு அம்பாரம். இப்ப கடல் முழுசும் எங்கிட்ட விட்டிருக்காரு."

பேராச்சி அவரைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். குடையையும் விசிலையும் அண்ணாச்சி திருப்பி வாங்கவில்லை என்பதையும் பார்த்தாள். வேலை போச்சு என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. நண்டுவிளையில் பிறந்து நண்டுவிளையில் வாக்கப்பட்டவள். ஆட்டை முளையில் கட்டினாள்.

அன்று மத்தியானமே கரை ஓர ஈர மணலில் கிழக்கே ஒரு முத்திரை, மேற்கே ஒரு முத்திரை விழுந்தது. சாப்பாட்டுக் கடல் எது, தோல் கடல் எது என்று கொஞ்சம் தகராறு வந்தது. குடை இருக்கிற பக்கம்தான் சாப்பாடு என்று பழைய தீர்ப்பே நின்றது. நாலு பேரும் உட்கார்ந்தார்கள். பலவேசம் குடையை விரித்து மாசானத்திடம் கொடுத்து, முத்திரைக்கு மேல் பிடிக்கச் சொன்னார்.

சாயங்காலம் ஆக ஆக அலை கிட்டே வந்தது. முதலில் கால்விரலைத் தொட்டது. பிறகு மடியில் ஏறி உட்கார்ந்தது.

"மாமா," என்றான் மாசானம், நெஞ்சளவு தண்ணீரில் இருந்தபடி. "கடல் ஏறுது."

பலவேசம் சிரித்தார். இந்தத் தடவை அவருக்கு விடை தெரியும்.

"கடல் ஏறலலே மடப்பயலே. நாமதான் எறங்குதோம். கொடையை நல்லா உசத்திப் பிடி."